பழைய படத்தை எங்கிருந்து தொடங்குவது? மொட்டை மாடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை இரவு பழைய தமிழ்ப் படம் போடுகிறோம். துணி காயப்போடும் கொடியில் ஓர் எட்டு முழ வேட்டி, எதிரே ஸ்டூல் மேல் சின்ன புரொஜெக்டர், பக்கத்தில் ஒலிபெருக்கிப் பெட்டி. அவ்வளவுதான் எங்கள் தியேட்டர். தெருப் பெரியவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், எம்.சி. ரோடு துணிக்கடைகளில் வேலை முடிந்து நேராக வருகிறவர்கள் என்று இருபது பேர் சேர்ந்தால் அது ஹவுஸ்ஃபுல். ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொரு முறையும் படிக்கட்டில் நின்று பதில் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதிவைத்துவிட்டேன்.

பழைய படம் பார்த்துப் பழக்கமே இல்லை. எதில் தொடங்கலாம்?

‘சிறந்த பத்து’ என்று பட்டியல் கேட்பவர்களை நான் ஏமாற்றித்தான் அனுப்புகிறேன். சிவாஜி படம், எம்.ஜி.ஆர். படம் என்று பிரித்தே நமக்குப் பழகிவிட்டது. ஒரு மாறுதலுக்கு, எழுதியவரின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ப் பாருங்கள். ஒரே பேனாவிலிருந்து வந்த மூன்று படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால் போதும்.

எழுதி இயக்கிய ஸ்ரீதரை எடுத்துக்கொள்ளுங்கள். 1959-இல் ‘கல்யாணப் பரிசு’, 1962-இல் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’, 1964-இல் ‘காதலிக்க நேரமில்லை’. முதலாவதில் அக்காவும் தங்கையும் ஒருவனையே விரும்பிவிடுகிறார்கள், வீடே கண்ணீர். இரண்டாவது ஏறக்குறைய முழுவதும் ஓர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கிறது. நோயாளிக் கணவன், அவன் மனைவி, அவளை முன்பு காதலித்த டாக்டர் என மூன்று பேரையும் ஒரு கூரையின் கீழ் அடைத்துக் கதவைச் சாத்திவிட்டார். மூன்றாவதில் அதே மனிதர் நண்பர் சித்ராலயா கோபுவுடன் உட்கார்ந்து நம் வயிற்றைப் பதம் பார்க்கிறார்.

‘கல்யாணப் பரிசு’ பார்க்கும்போது தங்கவேலு வரும் பகுதியைக் கொஞ்சம் கவனியுங்கள். வேலைக்குப் போகாமலே மன்னார் அண்ட் கம்பெனியில் வேலை என்று மனைவியிடம் புளுகுகிறவர், ஒரு கட்டத்தில் தான்தான் பெரிய எழுத்தாளர் பைரவன் என்று சாதிப்பார். அழுகைப் படம் எழுத உட்கார்ந்த ஒருவர் நடுவில் எழுத்தாளன் என்ற பட்டத்தையே கிண்டலடிக்கிறார். எனக்கு அந்தப் படத்தில் பிடித்ததே அதுதான்.

எல்லோரும் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்? மேடைப் பேச்சு கேட்பதுபோல் இருக்கிறதே?

நியாயமான எரிச்சல். எனக்கும் இருபது வயதில் இருந்தது.

முதல் காரணம், நாடகம். சிவாஜி, எம்.ஜி.ஆர்., கே.ஆர். ராமசாமி எல்லோரும் சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து வளர்ந்தவர்கள். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் போய்ச் சேர வேண்டும். இதோ, வால்டாக்ஸ் சாலையில்தான் ‘ஒற்றைவாடை’ என்ற நாடகக் கொட்டகை இருந்தது. அங்கே பழகிய தொண்டை ஸ்டூடியோவுக்கு வந்ததும் சட்டென்று அடங்கிவிடுமா? இரண்டாவது, பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நல்ல தமிழைக் காசு கொடுத்துக் காதால் வாங்கிப்போக அவர்களுக்குக் கிடைத்த இடம் சினிமாக் கொட்டகை. என் அப்பா பெரம்பூர்ப் பக்கம் மில்லில் வேலை பார்த்தவர், கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரியாது. சக்தி கிருஷ்ணசாமி எழுதிய ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வசனத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்வார். அதுவும் சவரம் செய்துகொண்டே. பக்கத்தில் போக எங்களுக்குப் பயமாக இருக்கும்.

மூன்றாவது காரணத்தை என் புரொஜெக்டர் கற்றுக்கொடுத்தது. ஒரு முறை ‘மனோகரா’ (1954) ஓடிக்கொண்டிருந்தபோது பாதியில் விளக்கு போய்விட்டது. வேட்டி வெறும் வேட்டியாகிவிட்டது, ஒலி மட்டும் பெட்டியிலிருந்து வந்துகொண்டே இருந்தது. நிறுத்தப் போனேன். ‘இருக்கட்டும்ப்பா’ என்று ஒரு பாட்டி அதட்டினார். கடைசிவரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இருட்டில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் சாய்ந்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசைய உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் உறைத்தது, இந்தப் பகுதியில் பலருக்கு இந்தப் படங்கள் முதலில் கண் வழியாகவே வந்து சேரவில்லை. ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது கம்பத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் ‘திருவிளையாடல்’ வசனம் தெருவெல்லாம் கேட்கும். கல்யாண வீட்டில் வசன இசைத்தட்டு, பிற்பாடு கேசட். ஞாயிறு மதியம் வானொலியில் ஒலிச்சித்திரம். நாகேஷின் தருமியை முகம் பார்ப்பதற்குப் பல வருடம் முன்பே நான் குரலால் அறிவேன்.

ஆகவே என் யோசனை இது: முதல் பத்து நிமிடம் படத்தைப் பார்க்காமல் கேளுங்கள். காது பழகிவிட்டால் மீதி தானாக நடக்கும்.

அப்படியானால் வசனம் நன்றாக இருந்தால் நல்ல படமா?

இல்லவே இல்லை. அதே ‘மனோகரா’வைப் பாருங்கள். மூலம் பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். அவர் 1873-இல் ஜார்ஜ் டவுன் ஆச்சாரப்பன் தெருவில் பிறந்தவர், நம் பக்கத்து மனிதர். 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர்களில் ஒருவர். படத்துக்குத் திரைக்கதை வசனம் மு. கருணாநிதி, இயக்கம் எல்.வி. பிரசாத். கதையில் தந்தைக்குத் தீங்கு செய்யக் கூடாது என்று மகனிடம் தாய் வாக்கு வாங்கிவைத்திருக்கிறாள். தாயாக வரும் கண்ணாம்பா அவமானம் மேல் அவமானமாகப் பொறுக்கிறார், மகனையும் பொறுக்கவைக்கிறார். கடைசியில், சங்கிலியில் கட்டுண்டு நிற்கும் மகனிடம் அந்தத் தாயே வாய் திறந்து ‘பொறுத்தது போதும், பொங்கி எழு’ என்று கட்டளையிடும்போதுதான் கொட்டகை அதிர்ந்தது. அந்த வரியை மட்டும் தனியாக எடுத்துப் படித்தால் சாதாரணமாக இருக்கும். அதற்கு முன்னால் படம் முழுக்க அவளை அடக்கிவைத்ததுதான் எழுத்தாளரின் வேலை. சங்கிலியை அறுப்பது நடிகரின் வேலை.

இளங்கோவன் என்று அடிக்கடி சொல்கிறீர்கள். யார் அவர்?

இன்று பெயர் சொன்னால் பத்தில் ஒருவருக்குக்கூடத் தெரியாத, ஆனால் பிறகு வந்த அத்தனை பேருக்கும் வழி போட்ட மனிதர். இயற்பெயர் தணிகாசலம், பத்திரிகையிலிருந்து சினிமாவுக்கு வந்தவர். பேசும்படம் வந்த புதிதில் வசனம் என்பது இரண்டு பாட்டுகளுக்கு நடுவில் மூச்சு வாங்கும் இடம், பேசியதும் வடமொழி கலந்த வீட்டுப் பேச்சு. அந்த இடத்தில் 1937-இல் ‘அம்பிகாபதி’ வந்தது. இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன், அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரியாத ஒருவர் படத்தில்தான் தமிழ் வசனத்துக்கு மரியாதை வந்தது என்பது வேடிக்கை. 1942-இல் ‘கண்ணகி’. பாண்டியன் சபையில் சிலம்பைக் கையில் ஏந்தி நிற்பவர் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட கண்ணாம்பா, எதிரே நமக்கு வேர்க்கிறது.

‘ஹரிதாஸ்’ படத்துக்கும் வசனம் அவரே. 1944 தீபாவளிக்கு வந்து பிராட்வே தியேட்டரில் 1946 தீபாவளியையும் தாண்டி ஓடியது. மூன்று தீபாவளி கண்ட படம் என்று இன்றும் பெரியவர்கள் விரல் விட்டுச் சொல்வார்கள். ஆனால் நாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதரின் பாட்டையும் அந்தக் கணக்கையும் சொல்கிறவர்கள், பேச எழுதிக்கொடுத்தவர் பெயரைச் சொல்வதில்லை. இன்னொன்று: படம் பிராட்வேயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதாகிவிட்டார். நாயகன் சிறையில், நாயகனைப் பார்க்க வெளியே கூட்டம். 1947-இல்தான் விடுதலை. அவர் வெளியே வந்து நடித்த ‘ராஜமுக்தி’க்கு வசனம் எழுதப் போனவர் புதுமைப்பித்தன். புனேயில் அந்த வேலையில் இருந்தபோது காசநோய் முற்றி, 1948-இல் இறந்துபோனார். சினிமா எழுத்தாளனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு நான் வேறு எதுவும் சொல்வதில்லை.

‘பராசக்தி’ நீதிமன்றக் காட்சியை எல்லோரும் பேசிப் பேசிச் சலித்துவிட்டது. உண்மையிலேயே அவ்வளவு பெரிதா?

பெரிதுதான். ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்துக்காக அல்ல.

1952 தீபாவளிக்கு வந்த படம். கிருஷ்ணன்–பஞ்சு இயக்கம், சிவாஜிக்கு முதல் படம், பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்தை வைத்துக் கருணாநிதி எழுதியது. அடுக்குமொழி, கோபம், குரல் ஏற்ற இறக்கம் எல்லாம் உண்டு. இளைஞர்கள் மேடையேறி அதையே பேசிக்காட்டித் தேய்த்துவிட்டார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது அறையின் அமைப்பு. கூண்டில் நிற்பது அண்ணனும் தங்கையும். தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் அவர்களுடைய மூத்த அண்ணன். ரங்கூனில் இருந்த அண்ணன்கள் போர்க்காலத்தில் சிதறிப்போய், ஒரு வயிற்றுப் பிள்ளைகள் சட்டத்தின் மூன்று மூலைகளில் நிற்கிறார்கள். பேச்சு எவ்வளவு நீண்டாலும் நாம் நகராமல் உட்கார்ந்திருப்பது அதனால்தான். சிவாஜி நடித்த குணசேகரனும் குற்றத்தை மறுப்பதில்லை. செய்தேன் என்று ஒப்புக்கொண்டு, ஏன் செய்தேன் என்று கேள் என்கிறான். வாதத்தின் பளு அந்த ஒரு திருப்பத்தில் மொத்தமாகச் சபையின் தலையில் ஏறுகிறது.

நம் ஆட்களுக்கு இந்தக் காட்சி ஏன் இவ்வளவு சீக்கிரம் பிடித்தது என்று யோசித்திருக்கிறேன். அதிகாரத்தின் முன் தனியாக வந்து நின்று வழக்குரைப்பது சிலப்பதிகாரத்திலிருந்தே நமக்குப் பழக்கம். ‘கண்ணகி’க்கும் ‘பராசக்தி’க்கும் நடுவே பத்து வருடம்தான். சிலம்பு போய் சிறைச்சட்டை வந்தது.

அரசியல் இல்லையா என்றால், இல்லாமல் எப்படி? அண்ணா எழுதிய ‘வேலைக்காரி’ வந்த 1949-இல்தான் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் மழையில் தி.மு.க.வின் முதல் கூட்டம் நடந்தது. திரையில் கேட்டவரை மேடையிலும் கேட்கலாம் என்பது இங்கிருந்த தொழிலாளிகளுக்குச் சின்ன விஷயம் அல்ல. கட்சி பிடிக்காதவர்களும் படத்தைப் பார்க்கலாம், நான் பார்த்துச் சண்டை போட்டிருக்கிறேன்.

பாட்டே இல்லாத பழைய படம் இருக்கிறதா?

‘அந்த நாள்’ (1954). பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டைக் காட்சி இல்லை. எஸ். பாலசந்தர் இயக்கம், ஜாவர் சீதாராமன் திரைக்கதை வசனம், துப்பறியும் அதிகாரியாக வருபவரும் அவரேதான். எழுதியவரே படத்துக்குள் நுழைந்து ஒவ்வொருவரையும் விசாரிக்கிறார்! 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்டது உண்மை நிகழ்ச்சி. கதை அந்தச் சமயத்தில் நடக்கிறது. தொடக்கத்திலேயே துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி சாய்கிறார். அதற்குப் பிறகு, இறந்தவன் எப்படிப்பட்டவன் என்று ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். நாயகன் நல்லவனா இல்லையா என்பதே கடைசிவரை தெரியாமல் வைத்திருக்க அந்தக் காலத்தில் எவ்வளவு துணிச்சல் வேண்டும்! துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே வாழ்கிறவர்கள் நாம். குண்டுக்குப் பயந்து ஊரைக் காலி செய்துகொண்டு ஓடிய கதை ஒவ்வொரு பழைய குடும்பத்திலும் ஒன்று இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

முடிவைத் தெரிந்தவர்கள் மாடியில் வாயை மூடிக்கொண்டிருக்கவும். போன வருடம் ஒருவர் சொல்லிவிட்டார், இன்னும் அவரோடு சிலர் பேசுவதில்லை.

அழுகைப் படங்கள் என்றாலே அலர்ஜி. விட்டுவிடலாமா?

விடலாம், ஒன்றைத் தவிர. ‘பாசமலர்’ (1961) வசனம் ஆரூர்தாஸ், கதை கொட்டாரக்கரா, இயக்கம் பீம்சிங். ‘பா’ எழுத்தில் தொடங்கும் பீம்சிங்கின் மற்ற படங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நகைச்சுவையில் எழுத்தாளருக்கு என்ன வேலை? நாகேஷ் வந்தால் போதாதா?

‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் தன் அப்பா பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்லும் காட்சியை ஒலியை அணைத்துவிட்டு ஒரு முறை, படத்தை அணைத்துவிட்டு ஒரு முறை பாருங்கள். நாங்கள் செய்தோம். படம் இல்லாமல் கேட்டால் கதவுச் சத்தமும் காலடிச் சத்தமும் வாயால் போட்டுக்கொண்டே ஒரு பையன் உளறுகிறான். ஒலி இல்லாமல் பார்த்தால், எதையோ பார்த்துப் பெரிய மனிதர் ஒருவர் நாற்காலியிலேயே சுருங்குகிறார். இரண்டும் சேர்ந்தால்தான் சிரிப்பு. சொல்கிறவனிடம் பாதி, கேட்கிறவரிடம் பாதி என்று பிரித்து வைத்ததே எழுத்து. கதை கேட்டுப் பயப்படுகிற பாலையா, தான் எடுக்கப்போகும் படத்துக்குப் பணம் போடச் சொல்லி மகன் துரத்துகிற அப்பா என்பதை மறக்காதீர்கள். பணக்காரரைப் பயமுறுத்தும் உரிமை அவனுக்கு அங்கிருந்துதான் வருகிறது.

வட சென்னைக்கும் பழைய சினிமாவுக்கும் என்ன சம்பந்தம்? ஸ்டூடியோ எல்லாம் கோடம்பாக்கத்தில்தானே?

படம் எடுத்தது அந்தப் பக்கம், பார்த்துக் கற்றது இந்தப் பக்கம். முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று திரையிடப்பட்டது தங்கசாலைத் தெரு கினிமா சென்ட்ரலில், பிற்பாடு முருகன் தியேட்டர் ஆன அதே இடத்தில். பம்பாயிலிருந்து வந்த படப்பெட்டியை சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து பூத்தூவித் தேங்காய் உடைத்து ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள் என்பது சினிமா வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். நம் தெருவில் அது ஒன்றும் அதிசயம் அல்ல, இன்றும் திண்ணைக்குத் திண்ணை அப்படித்தான். அதே ராஜலட்சுமி 1936-இல் ‘மிஸ் கமலா’ என்ற படத்தைத் தானே எழுதி இயக்கினார். எழுத்தாளர் பட்டியலை ஆண்களோடு முடித்துக்கொள்பவர்களுக்கு இதை நினைவூட்டுவது என் வழக்கம்.

அதே தங்கசாலைத் தெருவில் ரகுபதி வெங்கையா கட்டிய கிரவுன் தியேட்டர் இருந்தது. தண்டையார்பேட்டை அகஸ்தியா 1967-இல் தொடங்கி 2020-இல் மூடியது. மூடிய நாளில் வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன், கையில் டிக்கெட் இல்லாமல்.

நம் மெட்ராஸ் பேச்சு பழைய படங்களில் உண்டா?

உண்டு, ஆனால் பெரும்பாலும் சிரிக்கவைக்க. ‘சபாஷ் மீனா’வில் (1958) இரட்டை வேடத்தில் ரிக்‌ஷாக்காரராக வரும் சந்திரபாபு, ‘பார் மகளே பார்’ (1963) படத்தில் மெக்கானிக்காக வரும் சோ, இருவரும் அருமையாகப் பேசுவார்கள். எனக்கு ரசிக்கவும் தெரியும், உறுத்தவும் செய்யும். அண்ணன் செந்தமிழில் அழுவான், ரிக்‌ஷாக்காரன் நம் தமிழில் சிரிக்கவைப்பான். நம் தமிழில் ஒருவன் அழுதால் கொட்டகை ஏற்றுக்கொள்ளாது என்று எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள். அதை மாற்றிப் பார்த்தவர் ஜெயகாந்தன். சேரி வாழ்க்கையைப் பற்றிய தன் கதையைத் தானே ‘உன்னைப்போல் ஒருவன்’ என்று 1965-இல் படமாக்கினார். பெரிய நட்சத்திரம் இல்லை, தேசிய விருது மட்டும் வந்தது.

சில காட்சிகள் இன்று பார்க்கவே கூசுகிறதே?

கூசட்டும். கணவன் அடித்தால் காலைப் பிடிக்கும் மனைவி, உருவத்தையும் நிறத்தையும் வைத்துக் கேலி, எல்லாம் இருக்கிறது. அந்தக் காலம் அப்படி என்று மூடி மறைக்க மாட்டேன். அந்தக் காலத்திலேயே வேறு மாதிரி எழுதியவர்களும் இருந்தார்களே. மாடியில் இப்படி ஒரு காட்சி வந்தால் பெண்கள் பக்கத்திலிருந்து வரும் விமர்சனம் எழுதியவர் கேட்க வேண்டியது.

நல்ல பிரதி எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் நீளத்தைப் பாருங்கள். பழைய படம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடுவது சகஜம். ஒன்றே முக்கால் மணியில் முடிந்தால் யாரோ கத்தரி வைத்திருக்கிறார்கள். ஒருமுறை ஒரு கடையில் ஆசையாகக் குறுந்தகடு வாங்கி வந்தேன், பாட்டெல்லாம் பத்திரமாக இருந்தது, கதைக்கு முக்கியமான ஒரு விசாரணைக் காட்சி முழுதாகக் காணோம். பாட்டு விற்கும் என்று தெரிந்தவர்களுக்குப் பேச்சு சுமையாகத் தெரிந்திருக்கிறது.

‘காளிதாஸ்’ போலப் பல படங்களின் பிரதி இன்று இல்லவே இல்லை. அந்தக் காலத்து நைட்ரேட் சுருள் சுலபமாகத் தீப்பற்றும், தானாகவும் மக்கும். பிழைத்த படங்களைச் சுத்தம் செய்து வெளியிட்டால் ஆள் வருவார்களா என்ற சந்தேகத்தை 2012-இல் மறுபடி வெளிவந்த ‘கர்ணன்’ தீர்த்துவைத்தது.

படம் தொடங்கும்போது எழுத்துப் போடும் நேரத்தில் பேசக் கூடாது என்று விரட்டுகிறீர்களாமே?

ஆமாம். மாடியில் இருக்கும் ஒரே சட்டம் அதுதான். ‘கதை’ ஒரு பெயர், ‘வசனம்’ வேறு பெயர், சில படங்களில் ‘திரைக்கதை’ மூன்றாவது பெயர். ‘நாடோடி மன்னன்’ (1958) வசனத்தில் கண்ணதாசனோடு ரவீந்தர் என்று இன்னொரு பெயர் இருக்கும், அதை யாராவது படிக்கிறீர்களா?

இந்த மாதம் ‘கூண்டுக்கிளி’ (1954). எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படம் என்பது எல்லோருக்கும் தெரியும். எழுதியவர் விந்தன், அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலையிலிருந்து எழுத வந்தவர். எட்டு மணிக்குப் படம் தொடங்கிவிடும். பாய் கொண்டுவாருங்கள், அந்த நேரத்தில் தரை இன்னும் சூடாகத்தான் இருக்கும்.